பழ வாசனை மிளகாய்: ரகம் தேர்வதிலிருந்து விதை எடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

நன்றாகப் பழுத்த ஹபனேரோ மிளகாயைக் குறுக்கே வெட்டி மூக்கருகே கொண்டுபோனால் ஆப்ரிகாட்டும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒரு மணம் எழும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் மிளகாய் என்றே சொல்ல மாட்டீர்கள். இந்த மணத்துக்காகவே உலகம் முழுக்க ஒரு கூட்டம் தொட்டியிலும் மொட்டைமாடியிலும் ஜன்னலோரத்திலும் இந்தச் செடிகளை வளர்க்கிறது.

ஆனால் புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் ரகம் தேரும்போதே சறுக்குகிறார்கள். காரத்தின் எண்ணைப் பார்த்து விதை வாங்கி, ஆறு மாதம் செடியைப் பேணி, கடைசியில் ஒரு பழத்தைக்கூட முழுதாகச் சாப்பிட முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் கட்சி எளிது: முதலில் மணத்தைத் தேருங்கள், காரத்தை அப்புறம் பார்க்கலாம். இரண்டும் தனித்தனிக் குணங்கள். காரமே இல்லாமல் முழு மணத்தோடு பழுக்கும் ரகங்கள் இருக்கின்றன.

மணம் எங்கே, காரம் எங்கே

வீட்டு வளர்ப்பில் உள்ள மிளகாய்கள் ஐந்து இனங்களுக்குள் அடங்கும்: அன்னும், ஃப்ரூட்டசன்ஸ், சைனென்ஸ், பக்காட்டம், பியூபசன்ஸ். குடைமிளகாய், ஹாலப்பீன்யோ, நீளமான சமையல் மிளகாய்களில் பெரும்பாலானவை அன்னும் இனம். பழ மணத்துக்குப் பெயர் போனது சைனென்ஸ். பெயரைப் பார்த்துச் சீனாவிலிருந்து வந்தது என்று எண்ண வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் அதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் யாக்கின் அப்படித் தவறாக நினைத்துவிட்டார். உண்மையான தாயகம் அமேசான் படுகை. பக்காட்டம் இனத்திலும் பழ மணம் உண்டு, எலுமிச்சையை ஒத்த கூர்மையான வகை.

மணத்தைத் தருபவை பெரும்பாலும் எஸ்டர்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். பல பழங்களின் மணத்துக்கும் எஸ்டர்களே காரணம் என்பதால்தான் நம் மூக்கு இதைப் 'பழம்' என்று அடையாளம் காண்கிறது. குடைமிளகாயின் பச்சை வாசனை வேறு ஒரு குடும்பம், பைரசின் சேர்மங்கள். ஆவியாகும் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அறுவடைக்குப் பிறகு என்ன செய்வது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

காரம் காப்சைசின் குடும்பத்துச் சேர்மங்களால் வருவது. விதையில் காரம் இருக்கிறது என்பது பரவலான தவறு. பழத்துக்குள் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நரம்பு போன்ற திசுவில்தான் அது உற்பத்தியாகிறது. விதைமேல் படிவது அதன் கசிவு. சாதாரண ஹபனேரோவில் அந்தத் திசுவைக் கத்தியால் வழித்தெடுத்தால் காரம் கணிசமாகக் குறையும், மணம் சதையில் தங்கும். மிதமிஞ்சிய காரமுள்ள ரகங்களில் இந்த வித்தை பலிக்காது. அவற்றில் பழச் சுவரின் உள்பக்கத்திலும் காரம் சுரக்கும் கொப்புளங்கள் இருக்கும்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் எண்ணுக்கு 1912இல் வழி சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போய், சுவைப்பவர்களுக்கு எரிச்சல் தெரியாமல் போகும் இடத்தைக் குறித்தார். இப்போது கருவியில் காப்சைசினை நேரடியாக அளந்து அதே எண்ணுக்கு மாற்றுகிறார்கள். ஒரே செடியில் இரண்டு பழங்கள்கூட ஒரே காரத்தில் இருப்பதில்லை. ஆகவே உறையில் அச்சிட்ட எண்ணைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு திசைகாட்டியாக வைத்துக்கொள்வது போதும்.

ரகத் தேர்வு

காரமே வேண்டாம், மணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஹபனாடா. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மசூரெக் உருவாக்கியது. ஆரஞ்சு நிறம், நீள்வடிவப் பழம், காரம் பூஜ்யம். இதே வரிசையில் வெனிசுவேலா, கரீபியன் பகுதிகளின் ஆஹி டுல்சே வருகிறது. பார்வைக்குச் சின்ன ஹபனேரோ போலவே இருக்கும், ஆனால் காரம் ஆயிரம் ஸ்கோவிலைத் தாண்டுவது அபூர்வம். பிரேசிலின் பிக்கீன்யோவும் லேசான காரம்தான். கண்ணீர்த்துளி போன்ற குட்டிப் பழங்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்; தொட்டிக்கு மிகத் தோதானது. முதல் செடியாக எதை நடலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஆஹி டுல்சே என்பேன். மணத்தைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல ஆசான் இல்லை.

நடுத்தரக் காரத்தில் இரண்டு பக்காட்டம் ரகங்கள். லெமன் டிராப், சுமார் 15,000 முதல் 30,000 ஸ்கோவில், எலுமிச்சை மணம், மஞ்சள் நிறம், ஏராளமான காய்ப்பு. பெரு நாட்டின் ஆஹி அமரில்லோ 30,000 முதல் 50,000 வரை. மணமும் சதையும் அற்புதம். ஆனால் செடி ஆள் உயரம் போகும், காய்க்க நெடுநாள் எடுக்கும். சின்னத் தொட்டியில் இதை வைப்பவர்கள் வருத்தப்படுவார்கள்.

அதற்கு மேலே ஹபனேரோ, ஜமைக்காவின் ஸ்காட்ச் பானெட் இரண்டும். காரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வீச்சு, 1,00,000 முதல் 3,50,000. ஹபனேரோவில் ஆரஞ்சுத்தோல் சாயல் தூக்கலாக இருக்கும். ஸ்காட்ச் பானெட்டில் இனிப்பு கூடுதல். ஆப்பிரிக்க ரகமான ஃபத்தாலியும் இந்த வரிசைதான், அதன் எலுமிச்சை மணம் வேறு எந்த சைனென்ஸிலும் அவ்வளவு தெளிவாக வராது.

பூத் ஜோலோகியா 2007இல் பத்து லட்சம் ஸ்கோவிலைத் தாண்டிக் கின்னஸ் பட்டியலில் ஏறியது. 2013இல் கரோலினா ரீப்பர், 2023இல் பெப்பர் எக்ஸ் என்று அந்த ஓட்டப்பந்தயம் தொடர்ந்தது. ரீப்பரிலும் பழ மணம் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதை முகரலாமே தவிர, நிதானமாகச் சுவைக்கும் அவகாசத்தைக் காரம் தருவதில்லை. முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

தேரும்போது இன்னும் இரண்டு கணக்கு போடுங்கள். ஒன்று காலம்: சைனென்ஸ் ரகங்கள் விதையிலிருந்து முதல் பழுத்த பழம் வரை ஐந்து, ஆறு மாதம் எடுக்கும். குளிர்காலம் நீளமான ஊரில் இருப்பவர் வீட்டுக்குள் விளக்கு வைத்துத் தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாவது இடம். சைனென்ஸ் செடி பொதுவாக உயரத்தைவிட அகலமாகப் படரும், பக்காட்டம் மேலே போகும்.

விதை வாங்கும்போது

உறையில் எஃப்1 என்று இருந்தால் அது இரண்டு பெற்றோர் ரகங்களின் நேரடிக் கலப்பு. செடி நன்றாக வரும், ஆனால் அதன் பழத்து விதையை அடுத்த ஆண்டு போட்டால் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு திசையில் போகும். ஒரு கலப்பு ரகம் நிலைபெற ஆறு முதல் எட்டுத் தலைமுறை வேண்டும். புதுக் கலப்புகளை எஃப்3, எஃப்4 (மூன்றாம், நான்காம் தலைமுறை) நிலையிலேயே விற்பவர்கள் உண்டு; படத்தில் பார்த்த பழமே வரும் என்ற உறுதி அவற்றில் கிடையாது. விதை சேமிக்கும் எண்ணம் இருந்தால் நிலைபெற்ற, திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமாக (இயல்பாக விதை பிடித்து, பிள்ளைகளும் தாயைப் போலவே வருவது) பார்த்து வாங்குங்கள்.

விதையின் வயது முக்கியம். குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால் மிளகாய் விதை மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முளைப்பு குறைந்துகொண்டே வரும். நல்ல விதை வெளிர் மஞ்சளாக, கையில் கடினமாகத் தெரியும். நீலம், ஊதா, சாம்பல் நிறத்தில் 'சாக்லேட் மணம்', 'மாம்பழ மணம்' என்று அடுக்கிக்கொண்டு போகும் விளம்பரப் படங்களை அப்படியே நம்ப வேண்டாம். நீல நிறத்தில் பழுக்கும் மிளகாய் கிடையாது.

முளைக்க வைத்தல்

மிளகாய் வளர்ப்பில் அதிகம் பேர் மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளிர் ஊராக இருந்தால் வெளியே நடும் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாரம் பின்னோக்கி எண்ணி விதை போட வேண்டும். வெப்பமான ஊரில் கடுங்கோடையில் பூ வராதபடி மட்டும் கணக்கிட்டால் சரி.

சைனென்ஸ் விதை முளைக்கத் தேவையானது வெப்பம். மண்ணின் வெப்பம் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அறையின் வெப்பம் 24 இருந்தாலும் ஈரமான மண் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே கிடக்கும், ஆவியாதல் செய்யும் வேலை அது. அதனால் வெப்பமானியை மண்ணுக்குள் செருகிப் பாருங்கள். நாற்றுத் தட்டுக்கு அடியில் வைக்கும் வெப்ப விரிப்பும், அதை 28இல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு சில நேரம் மண்ணை 35க்கு மேல் கொண்டுபோய் விதையைக் கெடுத்துவிடும். விரிப்பு இல்லாதவர்கள் வை-ஃபை பெட்டியின் மேலோ, குளிர்சாதனப் பெட்டியின் தலையிலோ வைப்பார்கள். வெப்பமானி சரி சொன்னால் அதுவும் சரிதான்.

விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் விதைக்கு மூச்சு முட்டும். பின் சல்லடையில் சலித்த தேங்காய் நார்த்தூளும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் கொஞ்சம் கலந்து, உரம் எதுவும் சேர்க்காமல், சின்னக் குழிகளில் நிரப்பி அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து மூடுங்கள். மிக மேலாகப் போட்டால் முளை வெளிவரும்போது விதையின் ஓடு வித்திலைகளின் (முதலில் விரியும் இரட்டை இலைகள்) தலையில் தொப்பி மாதிரி சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் ஒரு துளி தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு மெதுவாக நீக்கலாம். காய்ந்த நிலையில் இழுத்தால் தலையே கையோடு வரும்.

கலவையின் ஈரத்துக்கு ஒரு சோதனை: கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். தட்டை ஒளி ஊடுருவும் மூடியால் மூடி வையுங்கள், ஆனால் தினமும் ஒருமுறை திறந்து காற்று காட்டுங்கள்.

அப்புறம் காத்திருங்கள். அன்னும் ரகங்கள் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். சைனென்ஸ் ஒரு வாரத்திலும் வரும், மூன்று வாரத்திலும் வரும், பழைய விதையாக இருந்தால் ஐந்து வாரம்கூட இழுக்கும். நடுவில் மண்ணைக் கிளறி விதை என்ன ஆயிற்று என்று பார்ப்பவர்கள் புதிதாக விட்ட வேரை முறித்துவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குழியிலும் பெயரும் தேதியும் எழுதிய குச்சியைச் செருகிவிட்டு, வேறு வேலை பாருங்கள்.

முளை தெரிந்ததும் நேரே வெளிச்சத்துக்கு

பச்சை வளைவு மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு விளக்கின் கீழ் வைக்க வேண்டும். ஒருநாள் இருட்டில் விட்டாலும் தண்டு நூல்போல நீண்டுவிடும். சாதாரண வெள்ளை எல்இடி போதுமானது. ஊதா நிறத்தில் ஒளிரும் வளர்ப்பு விளக்குகளுக்கு இந்தக் கட்டத்தில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, அவற்றின் கீழ் இலையின் உண்மை நிறம் தெரியாமல் போவதுதான் மிச்சம். தினமும் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம், மற்ற நேரம் இருட்டு. டைமர் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. விளக்கின் உயரத்தைச் செடியே சொல்லும்: தண்டு நீண்டு இலைகள் தூரம் தூரமாக வந்தால் கீழே இறக்குங்கள், இலை மேல்நோக்கிச் சுருண்டு வெளிறினால் ஏற்றுங்கள்.

மிளகாய்க்குப் பூக்கப் பகல்நேரத்தை வெட்டிக் குறைக்கத் தேவையில்லை. வயதும் கிளைப்பும் வந்ததும் தானாகப் பூக்கும். இது பெரிய வசதி.

இந்தப் பருவத்தின் எமன் நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் தண்டு கறுத்து மெலிந்து சாய்ந்து கிடக்கும். பிதியம், ரைசாக்டோனியா போன்ற மண்ணுயிரிகளின் வேலை. வந்தபின் மருந்து கிடையாது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் தட்டின் அடியிலிருந்து. மெல்லிய காற்றுக்கு ஒரு சின்ன மின்விசிறி. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் அநேகமாக அது எட்டிப் பார்க்காது. விசிறிக்கு இன்னொரு பயனும் உண்டு, காற்றில் ஆடும் தண்டு தடிக்கும்.

தொட்டியும் மண்ணும்

இரண்டாம் ஜோடி உண்மை இலை (வித்திலைகளுக்குப் பிறகு வருபவை) வந்ததும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றலாம். தக்காளி நாற்றை ஆழமாகப் புதைத்தால் தண்டிலிருந்து வேர் விடும். மிளகாய் அவ்வளவு எளிதில் விடாது. வித்திலைகளுக்குச் சற்றுக் கீழே வரை மண் ஏறினால் போதும். வேர்கள் அடித்துளை வழியே எட்டிப் பார்க்கும்போது அடுத்த தொட்டி, ஒன்றிரண்டு லிட்டர். கடைசித் தொட்டி சைனென்ஸுக்கு 12 முதல் 20 லிட்டர். முதல் நாளே நாற்றைப் பெரிய தொட்டியில் போட்டால் வேர் எட்டாத ஈர மண் நாட்கணக்கில் புளித்துக் கிடக்கும். படிப்படியாகப் போவதற்கு அதுதான் காரணம்.

கலவைக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு பங்கு நன்கு கழுவிய தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும் இலேசான வெள்ளைக் கனிமத் துகள்). நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது, எனவே கால்சியமும் மெக்னீசியமும் தனியே கொடுக்க வேண்டி வரலாம். மண்ணின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6 முதல் 6.8 வரை இருந்தால் செடி எதற்கும் முனகாது.

வீட்டுக்குள் வளர்ந்த செடியை வெளியே வைப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு அரைநாள். விளக்கின் கீழ் வளர்ந்த இலைக்கு நேரடி வெயில் புதிது. ஒரே பிற்பகலில் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். இரவு வெப்பம் 13 டிகிரிக்கு மேல் நிலையாக நிற்கத் தொடங்கிய பிறகே செடியை முழுநேரமும் வெளியே விடுங்கள்.

தண்ணீரும் உரமும்

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், இலேசாக இருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். நண்பகல் வெயிலில் இலை தொங்குவது தாகம் என்று முடிவு கட்டாதீர்கள், மாலையில் தானாக நிமிர்ந்தால் வேருக்கு ஈரம் இருக்கிறது என்று பொருள். மிளகாய்ச் செடி வறட்சியில் சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து சாவதே அதிகம்.

உரம் முதல் உண்மை இலைகள் வரும்வரை வேண்டவே வேண்டாம். அதன்பிறகு திரவ உரத்தை உறையில் சொன்னதில் கால்வாசி வலிமையில் தொடங்குங்கள். வளரும் பருவத்தில் சமச்சீரான கலவை, மொட்டு வந்ததும் சாம்பல் சத்து கூடிய கலவை. தழைச்சத்தைக் கொட்டினால் செடி கரும்பச்சையாகப் புதர்போல வளரும், பூவைக் காணோம்.

மஞ்சளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் தீரும். அடி இலைகள் முழுதாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம். அதே கோலம் நுனி இலைகளில் வந்தால் இரும்பு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை, பிஎச் ஏறிப்போய் அதை எடுக்க முடியாததால் வருவது. காயின் அடிமுனை கறுத்துத் தோல்போல ஆனால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீர் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று இருப்பதே அதற்கு முக்கியக் காரணம், ஆகவே சுண்ணாம்பைத் தேடும் முன் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைத் திருத்துங்கள். சைனென்ஸ் இலைகள் இயல்பிலேயே கொஞ்சம் சுருக்கம் விழுந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு சுருக்கத்துக்கும் மருந்து அடிக்க வேண்டாம்.

நுனி கிள்ள வேண்டுமா?

அன்னும், பக்காட்டம் ரகங்களில் செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் கூடும். சைனென்ஸ் தானாகவே கவட்டையாகப் பிரிந்து படரும், கிள்ளினால் இரண்டு மூன்று வாரம் தாமதம்தான் மிஞ்சும். வளரும் காலம் குறுகிய ஊரில் அந்தத் தாமதம் விலை உயர்ந்தது. எனக்குக் கிள்ளுவதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்குப் பதில் முதல் கவட்டைக்குக் கீழே மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் எடுத்துவிட்டால் காற்றோட்டமும் கிடைக்கும், பூச்சிகளுக்கு ஏணியும் இருக்காது.

பூவும் காயும்

பூவை வைத்தே இனத்தைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு கணுவிலும் இரண்டோ அதற்கு மேலோ பூக்கள், பச்சை கலந்த வெண்மை, காம்பு பழத்தைச் சேரும் இடத்தில் ஒரு வளையச் சுருக்கம் என்றால் சைனென்ஸ். இதழின் அடியில் மஞ்சளோ பச்சையோ புள்ளிகள் இருந்தால் பக்காட்டம். ஹபனேரோ என்று வாங்கியதில் கணுவுக்கு ஒற்றைத் தூய வெள்ளைப் பூ வந்தால் உறைக்குள் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள்.

முதல் பூக்கள் கொட்டுவது வழக்கம், கவலை வேண்டாம். தொடர்ந்து கொட்டினால் வெப்பமானியைப் பாருங்கள். பகல் 33, 34 டிகிரிக்கு மேல் போனாலோ, இரவு 15க்குக் கீழே இறங்கினாலோ, இரவே 25ஐ விட்டு இறங்காவிட்டாலோ காய் பிடிப்பது சிரமம். கடும் வெயிலில் பிற்பகல் நிழல் வலை கட்டுவது நல்ல பலன் தரும். மிளகாய்ப் பூ தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததால் காலையில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

காய் பிடித்ததிலிருந்து பழுக்க சைனென்ஸில் ஏழெட்டு வாரம்கூட ஆகும். முழு அளவுக்கு வந்தபின் பச்சையாகவே நெடுநாள் நிற்கும், பிறகு ஒரே வாரத்தில் நிறம் மாறும். பொறுமை இல்லாமல் பச்சையில் பறித்தால் காரம் இருக்கும், இனிப்பும் நிறைவான மணமும் இருக்காது.

பூச்சிகள்

அசுவினி வந்தால் இலையின் அடியில் கூட்டமாக இருக்கும், பிசுபிசுப்பும் எறும்பும் காட்டிக்கொடுக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மறுநாள் வேப்பெண்ணெயும் கொஞ்சம் திரவ சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெள்ளை ஈயை மஞ்சள் ஒட்டும் அட்டையில் பிடிக்கலாம். அது இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புவதால் அலட்சியம் கூடாது. வைரஸ் பிடித்த செடிக்கு வைத்தியம் இல்லை, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

ஆனால் வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கப்படும் செடிகளில் பலவற்றின் உண்மையான குற்றவாளி வேறு: முரணைச் சிலந்தி. கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. நுனி இலைகள் குறுகி, தடித்து, ஓரம் கீழ்நோக்கி வளைந்து, அடிப்புறம் பழுப்புப் பளபளப்பாகும், மொட்டு உதிரும். உருப்பெருக்காடி வைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். நனையும் கந்தகத் தூளை உறையில் சொன்ன அளவில் மாலையில் தெளித்து ஒரு வாரம் கழித்து மறுபடி தெளித்தால் புது இலைகள் நேராக வரும். வளைந்த பழைய இலைகள் நேராகாது. கந்தகமும் எண்ணெயும் அடுத்தடுத்துத் தெளிக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். வெயில் 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் வேண்டாம்.

பறித்த பிறகு மணத்தைக் காப்பது

பழம் முழுதாக நிறம் மாறியபின் காம்போடு கத்தரியுங்கள். இழுத்தால் கிளை முறியும். ஹபனேரோ அளவுக் காரமுள்ளதை நறுக்கும்போது கையுறை கட்டாயம். காப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பால் கழுவினால் கையை விட்டுப் போகும், வாய்க்குப் பால். பறவைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெப்பத்தையும் காரத்தையும் உணரும் டிஆர்பிவி1 என்ற வாங்கி (நரம்பு முனையில் உள்ள உணர்வுப் புரதம்) அவற்றிடம் காப்சைசினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அந்த வாங்கியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதைப் பிடிக்க அவர் குழு பயன்படுத்திய தூண்டில் காப்சைசின்தான்.

எஸ்டர்கள் ஆவியாகும் என்று முன்பு சொன்னேன் அல்லவா, இப்போது அந்தக் கணக்கு. வெயிலிலோ உலர்த்தியிலோ காயவைத்தால் காரம் அப்படியே இருக்கும், மணத்தில் பெரும்பங்கு காற்றோடு போகும். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டாகப் பிளந்து 50 டிகிரியை ஒட்டிய குறைந்த வெப்பத்தில், நொறுங்கும் பதம் வரும்வரை. ஹபனாடா, ஆஹி டுல்சே போன்றவற்றை உலர்த்துவது வீண் என்பது என் கருத்து. அவற்றுக்கு உறைபெட்டி. கழுவி, ஈரம் துடைத்து, முழுப் பழமாகக் காற்று நீக்கிய பையில் போட்டால் மாதக்கணக்கில் மணம் நிற்கும். உருகினால் சதை தளர்ந்துவிடும், ஆகவே உறைந்த நிலையிலேயே துருவிப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வழி புளிக்க வைப்பது. அரைத்த விழுதின் எடையில் 3 விழுக்காடு உப்பு, அயோடின் சேராதது. ஜாடியில் காற்றிடம் குறைவாக நிரப்பி, வாயு வெளியேற வழி வைத்து, 20 டிகிரியை ஒட்டிய இடத்தில் இரண்டு மூன்று வாரம். பிஎச் 4க்குக் கீழே இறங்கியதா என்று அளந்து பார்த்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். மேலே பஞ்சுபோலப் பூசணம் வந்தால் வழித்தெறிந்துவிட்டுத் தொடரலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், முழுதையும் கொட்டிவிடுங்கள். புளித்த விழுதைக் கொதிக்க வைக்காமல் அப்படியே சாஸாக அடித்தால்தான் பழ மணம் தங்கும்.

விதை எடுத்தல், செடியை மறு ஆண்டுக்கு வைத்தல்

மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும் தேனீக்கள் அண்டைச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவரும். சைனென்ஸும் அன்னும்கூடக் கலந்துவிடும். எனவே விதைக்கென்று ஒரு கிளையை, பூ விரிவதற்கு முன்பே, மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். உள்ளே காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காய்க் காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பழுத்து லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, விதையை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடியும் விதை சேமிக்கத் தயார். காகித உறையில் பெயரும் ஆண்டும் எழுதிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

செடியையும் தூக்கி எறிய வேண்டாம். மிளகாய் பல்லாண்டுத் தாவரம், குளிர்தான் அதை ஓராண்டுப் பயிராக்குகிறது. உறைபனிக்கு முன் கிளைகளை முதல் இரண்டு கவட்டை வரை வெட்டி, வேரைச் சற்றுக் குறைத்துப் புது மண்ணில் சின்னத் தொட்டிக்கு மாற்றி, இலைகள் முழுதையும் அகற்றி, பூச்சிகளைக் கழுவி, 12 முதல் 15 டிகிரி உள்ள வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் மாதம் இரண்டு முறை, அதுவும் கொஞ்சம்தான். ஆஹி அமரில்லோ போல நெடுநாள் எடுக்கும் ரகங்களுக்கு இந்த உழைப்பு நிச்சயம் தகும். அவை இரண்டாம் ஆண்டில்தான் நிறையக் காய்க்கும், அதுவும் விதையிலிருந்து வந்த புதுச் செடிகளைவிட இரண்டு மாதம் முந்தி.